ஜெசிந்தா பெயரில் போன படகு

சர்வர் அறைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொன்னார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கு அரை மணி நேரம் என்பது தொண்டையைச் செருமவே போதாது. தவிர, நான் பேசினால் நீங்கள் தூங்குவது எனக்குத் தெரிந்துவிடும். எழுதிக் கொடுத்தால் அந்தச் சங்கடம் இல்லை. ஆகவே எழுதுகிறேன்.

லாகின் கொடுப்பது எப்படி, பறிப்பது எப்படி, யார் எப்போது உள்ளே நுழைந்து எதைத் தொட்டார் என்று ஆடிட் பதிவில் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிவிட்டார்கள். நான் சொன்னால் பழைய முறையாக இருக்கும், நீங்கள் சிரிப்பீர்கள். நான் சொல்ல வந்தது வேறு. அந்தப் பதிவு உங்கள் முன்னால் திறந்திருக்கிறது. வாசலில் ஒரு பெண் அழுகிறாள். பக்கத்தில் உங்களுக்குச் சம்பளம் வரக் காரணமான வாடிக்கையாளர் நின்றுகொண்டு உங்களையே பார்க்கிறார். அப்போது என்ன செய்வீர்கள்? இதற்குக் கையேட்டில் பக்கம் கிடையாது. நான் தேடிப் பார்த்திருக்கிறேன்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருஷங்கள் கழித்து நடந்தது இது. அப்போது நான் ராமநாதபுரத்தில் ஒரு சின்ன கம்பெனியில் டேட்டாபேஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாடிக்கையாளர்களில் ஒன்று, ராமேஸ்வரம் தீவில் இருந்த ஒரு படகு உரிமையாளர் சங்கம். எந்தச் சங்கம் என்று கேட்காதீர்கள். கேட்டாலும் சொல்ல மாட்டேன். அதன் தலைவரைத் தலைவர் என்றே சொல்கிறேன். அவர் வீட்டம்மாவும் அப்படித்தான் கூப்பிடுவார்.

படகு கடலுக்குப் போவதற்கு முன்னால் ஒரு டோக்கன் வாங்க வேண்டும். படகு எண், டிரைவர் பெயர், எத்தனை பேர், என்றைக்குப் புறப்பட்டார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். திரும்பி வராத படகை எங்கே தேடுவது என்று முடிவு செய்ய அதிகாரிகளுக்குக் கையில் இருப்பது அந்தச் சீட்டு ஒன்றுதான். காற்று எச்சரிக்கை வந்துவிட்டால் டோக்கன் கிடையாது. டோக்கன் இல்லாமல் போனால் குற்றம். அந்தச் சங்கத்தில் டோக்கனைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கும் ஏற்பாட்டை நாங்கள்தான் செய்து கொடுத்திருந்தோம்.

முதலில் எல்லாருக்கும் ஒரே லாகின் இருந்தது. அதன் பாஸ்வேர்டைத் துறைமுகத்தில் டீ விற்பவர்கூடச் சொல்லுவார். நான் போய்ச் சண்டை போட்டு, கவுன்டரில் உட்காரும் மூன்று பேருக்கும் தனித்தனி லாகின் கொடுத்தேன். அடுத்த முறை போனபோது, மூவருடைய பாஸ்வேர்டும் அறிவிப்புப் பலகையில் சாக்பீஸால் எழுதப்பட்டிருந்தன. மேலே அன்றைய கடல் ஏற்றவற்றம், கீழே பாஸ்வேர்டு. தலைவரின் உத்தரவாம், அவசரத்துக்கு உதவுமாம். அழித்தேன். மறுபடி எழுதினார்கள். மறுபடி அழித்தேன். பிறகு பலகையில் எழுதுவதை விட்டுவிட்டு மனப்பாடம் செய்துகொண்டார்கள். இதை நான் வெற்றி என்று எங்கள் மேனேஜரிடம் அறிக்கை கொடுத்தேன்.

தலைவருக்கு எல்லாக் கதவையும் திறக்கும் லாகின் வேண்டும் என்று அவரே கேட்டார். எதற்கு என்று கேட்டேன். "தலைவருன்னா சும்மாவா?" என்றார். அதற்குத் தொழில்நுட்ப ரீதியாகப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. கொடுத்தோம். அவர் பாஸ்வேர்டு அவர் காரின் நம்பர். தன் அறைக் கம்ப்யூட்டரில் அவர் சீட்டாட்டம் ஆடுவார். ஜெயித்தால் திரையில் சீட்டுகள் துள்ளி விழும் பாருங்கள், அதைப் பார்க்க வெளியில் நிற்பவர்களைக் கூப்பிடுவார்.

கவுன்டரில் இருந்த மூவரில் ஜெசிந்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தங்கச்சிமடத்துப் பெண். கணவர் வெளிநாட்டில் இருந்தார். அவள் டோக்கன் போடும் வேகத்தில் பிரிண்டருக்கு மூச்சு வாங்கும். சண்டைக்கு வருகிற டிரைவர்களை நிமிர்ந்து பார்க்காமலே அடக்குவாள். பாஸ்வேர்டு விஷயத்தில் மட்டும் மற்றவர்களைப் போலத்தான். மகள் பெயரை வைத்திருந்தாள். அந்தப் பிள்ளையின் பிறந்த நாளுக்குச் சங்கம் முழுக்க மிட்டாய் கொடுத்ததால் அந்தப் பெயர் தெரியாதவர் அங்கே யாரும் இல்லை.

அந்த நிலையில்தான் நான் ஆடிட்டைத் திறந்துவிட்டேன். யார் பெயரில், எந்தக் கம்ப்யூட்டரிலிருந்து, எப்போது நுழைந்து, எதைச் சேர்த்தார், எதைத் திருத்தினார் என்பது தானாகப் பதிவாகும். தலைவருக்கு விளக்கினேன். அவர் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலில் ஒன்றும் புரியாத மனிதனின் பெருந்தன்மை இருந்தது.

வாடைக் காற்றுக் காலத்தில் ஒரு நாள். முதல் நாள் காலையில் போன படகுகள் எல்லாம் அன்று காலையில் கரைக்கு வந்துவிட்டன. முதல் நாள் இரவே எச்சரிக்கை வந்திருந்ததால் அன்றைக்கு டோக்கன் கிடையாது. கவுன்டர் மூடியிருக்கும், சர்வர் சும்மா இருக்கும், அதில் சில வேலைகளைப் பார்த்துவிடலாம் என்று மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பஸ் ஏறி நான் அங்கே போனேன். சர்வர் அறை என்பது முன்பு வலை போட்டு வைத்திருந்த அறை. ஏசி உண்டு, ஆனால் சர்வருக்காக. எனக்குக் கருவாட்டு வாடை இலவசம்.

சாயங்காலம் காற்று ஏறியது. ஜன்னல் கதவுகள் அடித்துக்கொண்டன. படகுக்காரர்கள் எல்லாம் படகுத்துறையில் கயிற்றைக் கூடுதலாகக் கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் முன் அறையில் ஒரு பெண்ணின் குரல் கேட்டு வெளியே வந்தேன்.

ஆயிஷா என்று பெயர். அவள் கணவர் காதர், தலைவரின் மைத்துனர் பாஸ்கரனுடைய படகுக்கு டிரைவர். காதரும் இன்னும் மூன்று பேரும் கடலுக்குப் போயிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை, செல்போனும் எடுக்கவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த மூன்று பேரில் இருவர் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரர்கள். மழை பொய்த்ததால் மிளகாய்க் கொல்லையை விட்டுவிட்டு வலை இழுக்க வந்தவர்கள். நானும் முதுகுளத்தூர்ப் பக்கம்தான். எங்கள் ஆட்களுக்கு நீச்சல் எந்த அளவுக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். கண்மாயில் தண்ணீர் இருந்தால்தானே பழக?

தலைவரும் பாஸ்கரனும் உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். கொஞ்ச நேரத்தில் தேடுதல் படகுக்கு ஏற்பாடு செய்யும் அதிகாரி வந்தார். நனைந்த சட்டையோடு, மரியாதையாகப் பேசுகிற மனிதர். தலைவர் அவர் கையில் ஒரு பிரிண்டைக் கொடுத்தார். படகு முதல் நாள் காலையில், எல்லாப் படகுகளோடும் சேர்ந்து முறையாக டோக்கன் வாங்கிப் போனது, எச்சரிக்கை வந்தது அவர்களுக்குத் தெரியாது, மற்றவை திரும்பிவிட்டன, இது திரும்பவில்லை என்று விளக்கினார்.

"நேத்து இல்லைங்க. இன்னைக்குப் போனாக," என்றாள் ஆயிஷா.

தலைவர் அவளைப் பார்க்கவில்லை. அதிகாரியிடம், பாவம், பயத்தில் நாள் குழம்புகிறது என்று சொன்னார். அதிகாரி பிரிண்டைப் பார்த்தார். அதில் முதல் நாள் தேதி இருந்தது. "அம்மா, கம்ப்யூட்டர்ல நேத்துன்னு இருக்கும்மா," என்று மெதுவாகச் சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. அழுகிற மனைவியையும் அச்சடித்த காகிதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் அரசாங்கம் எதை நம்பும் என்று நமக்குத் தெரியாதா?

நேற்றா இன்றா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. முதல் நாள் காலையில் போன படகு என்றால் எல்லைக்கோடு வரை போயிருக்கும். இரவெல்லாம் மிதந்திருக்கும். தேடுகிற படகு தொலைவுக்குப் போக வேண்டும். அன்று மத்தியானம் போன படகு என்றால் பக்கத்தில்தான் இருக்கும். வாடைக் காற்று அதைப் பாம்பனுக்கும் மண்டபத்துக்கும் வடக்கே கரைப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருக்கும். தேடுதலுக்கு அந்த நேரத்தில் கிளம்பத் தயாராக இருந்தது ஒரே ஒரு பெரிய படகு. அது இரண்டு திசையில் போக முடியாது. அதிகாரி தொலைவுக்கு அனுப்ப வாக்கி டாக்கியைக் கையில் எடுத்தார்; காற்றில் இணைப்பு உடனே கிடைக்கவில்லை.

நான் சர்வர் அறைக்குள் திரும்பிப் போய்ப் பதிவைத் திறந்தேன். உண்மையைச் சொன்னால் சும்மா ஒரு ஆர்வம்தான். வீரமெல்லாம் இல்லை.

அந்தப் படகின் டோக்கன் அன்றைக்கு மத்தியானம், கவுன்டர் மூடியிருந்த நேரத்தில் சேர்க்கப்பட்டிருந்தது. சேர்த்த பெயர் ஜெசிந்தா. பிறகு, சற்று முன்னால், ஆயிஷா வந்து அழுத பிறகு, அதன் தேதி முதல் நாளுக்கு மாற்றப்பட்டிருந்தது. மாற்றிய பெயர் தலைவருடையது.

இந்த இடத்தில் உங்களில் பலர் எழுந்து ஓடியிருப்பீர்கள், கண்டுபிடித்துவிட்டேன் என்று. உட்காருங்கள். அந்தப் பதிவுக்கு யோக்கியமான அர்த்தமும் உண்டு. முதல் நாள் காலை நெரிசலில் ஒரு டோக்கனைக் கையால் எழுதிக் கொடுத்துவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்ற மறந்து, மறுநாள் ஏற்றி, தேதி தவறாக விழுந்ததைப் பிறகு சரி செய்வது அங்கே அடிக்கடி நடக்கும். நானே அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். நான் தவறாகப் புரிந்துகொண்டு பக்கத்தில் தேடச் சொல்லி, படகு உண்மையிலேயே தொலைவில் கிடந்தால், நாலு பேரைக் கொன்றது டேட்டாபேஸ் பார்க்கிற பொம்பளை என்று ஆகும். பதிவு பொய் சொல்லாது என்பார்கள். சரிதான். ஆனால் அது கேட்காத கேள்விக்குப் பதிலும் சொல்லாது.

எங்கள் மேனேஜருக்குப் போன் போட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இது சங்கத்தின் உள்விவகாரம், தலைவர் நம் வாடிக்கையாளர், நாளைக்கு எல்லாவற்றையும் ஒழுங்காகச் சரிபார்த்து எழுத்தில் அறிக்கை கொடு என்றார். நாளைக்கு அந்த நாலு பேரும் அந்த அறிக்கையைப் படிக்க வருவார்களா என்று கேட்க நினைத்தேன். லைன் சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.

முதலில் சர்வரின் கடிகாரத்தை என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். சரியாக இருந்தது. பிறகு முன் அறைக்குப் போய், தலைவரைத் தாண்டி, ஆயிஷாவின் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதிவில் பார்த்த நேரத்தை நான் சொல்லவில்லை. அதைச் சொல்லிவிட்டு ஆமாவா என்று கேட்டால், பயத்தில் இருக்கிறவர்கள் எதற்கும் ஆமாம் என்பார்கள். காதர் எப்படிப் புறப்பட்டார் என்று மட்டும் கேட்டேன்.

"லுஹர் பாங்கு சொன்ன பொறவு சோறு போட்டேன்," என்றாள். "பாதிச் சோத்துல போன் வந்துச்சு. டோக்கன் போட்டாச்சாம், வரச் சொல்றாகன்னு கை கழுவிட்டு எந்திரிச்சுப் போனாக. மீதிச் சோறு அங்கன அப்படியே மூடி வச்சிருக்கேன். வந்து பாருங்க."

போய்ப் பார்க்கவில்லை. தேவைப்படவில்லை. லுஹர் தொழுகைக்கு அழைப்பு வந்து கொஞ்ச நேரம் கழித்து என்பது, டோக்கன் சேர்க்கப்பட்ட அதே நேரம். ஆயிஷாவுக்குச் சர்வர் என்றால் என்னவென்று தெரியாது. சர்வருக்கு ஆயிஷாவைத் தெரியாது. ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தைச் சொன்னார்கள். அவளை மட்டும் வைத்து யாரும் நம்ப மாட்டார்கள். பதிவை மட்டும் வைத்து நானே நம்பத் தயங்கினேன். இரண்டும் சேர்ந்தபோது என் தயக்கம் போய்விட்டது.

அதிகாரியிடம் போய், "சார், டோக்கன் இன்னைக்கு மத்தியானம் போட்டது. தேதியை இப்பத்தான் மாத்தியிருக்காங்க. படகு இன்னைக்குத்தான் போச்சு," என்றேன்.

அதிகாரி என்னிடம் ஒரே கேள்வி கேட்டார், நிச்சயமா என்று. நிச்சயம் என்றேன். அவர் யார் மாற்றியது, ஏன் மாற்றியது என்று கேட்கவில்லை. வாக்கி டாக்கியில், பாம்பனுக்கு வடக்கே கரையோரமாகத் தேடச் சொல்லிவிட்டு, மண்டபம் பக்கத்துக் கிராமங்களில் ஆட்களைக் கரையில் நிற்கச் சொல்லவும் ஏற்பாடு செய்தார். எந்தக் கேள்வி முதலில், எது பிறகு என்று தெரிந்த மனிதர். அன்றைக்கு அந்த அறையில் நான் கண்ட ஒரே நல்ல நிர்வாகம் அதுதான்.

தலைவர் சும்மா இருக்கவில்லை. இருபது வருஷம் தேர்தலில் ஜெயித்தவர், ஒரு தோல்வியை அடுத்த நிமிஷமே வேறொருவர் தலையில் கட்டத் தெரிந்தவர். "மத்தியானம் யார் பேருல போட்டிருக்கு, அதச் சொல்லுங்க," என்றார்.

ஜெசிந்தா என்று நான் சொல்ல வேண்டியதாயிற்று. அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள். படகு வரவில்லை என்று கேள்விப்பட்டு, ஆயிஷாவுக்குத் துணையாக ஓடி வந்திருந்தாள். தலைவர் உடனே ஆரம்பித்துவிட்டார். எச்சரிக்கை இருக்கும்போது டோக்கன் கொடுத்திருக்கிறாள், நாலு உயிர், போலீசில் சொல்ல வேண்டும் என்று. சற்று முன்வரை அந்த டோக்கன் நேற்றுப் போட்டது என்று அவரே சொல்லிக்கொண்டிருந்தார். அது அவருக்கு நினைவே இல்லை. ஜன்னல் ஓரம் நின்ற பாஸ்கரன் கடலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நான் காலையிலயே பூட்டிட்டு வீட்டுக்குப் போயிட்டேன்," என்றாள் ஜெசிந்தா. என்னிடம்தான் சொன்னாள். ஆயிஷா அவள் கையைப் பிடித்திருந்தாள், விடவில்லை. அதையும் நான் பார்த்தேன்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆடிட் பதிவு உங்களுக்குச் சொல்வது எந்தச் சாவி என்பதை. யாருடைய கை என்பதை அது சொல்லாது. பூட்டைத் திறந்த சாவி ஜெசிந்தாவுடையது என்பதால் திறந்தவள் ஜெசிந்தா ஆகிவிட மாட்டாள், அதுவும் அந்தச் சாவியைச் சங்கமே பலகையில் மாட்டி வைத்திருந்தபோது. இந்த வித்தியாசம் தெரியாதவர்கள் கையில் ஆடிட்டைக் கொடுப்பதைவிட, அதை மூடியே வைத்திருக்கலாம்.

"தலைவரே, நான் பேருன்னுதான் சொன்னேன், ஆளுன்னு சொல்லலை," என்றேன். "எந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து போட்டாங்கன்னும் அதுல இருக்கு. கவுன்டர் கம்ப்யூட்டர் மத்தியானம் திறக்கவே இல்லை. போட்டது உங்க ரூம் கம்ப்யூட்டர்ல."

அவர் அறைச் சாவி அவரிடம் ஒன்று, மைத்துனரிடம் ஒன்று. அது எல்லாருக்கும் தெரியும். பாஸ்கரன் கடலைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தார்.

கொஞ்ச நேரம் கழித்துத் தலைவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குரல் தேனாக மாறியிருந்தது. "மேடம், எல்லாம் நம்ம ஆளுகதான். அந்த ஆடிட்டு கீடிட்டக் கொஞ்சம் தொடச்சு விட்டுருங்க. நாளைக்கு விசாரணை அது இதுன்னு வந்தா எல்லாருக்கும்தான கஷ்டம்."

"தொடைக்கலாம் தலைவரே. ஆனா யார் தொடச்சாங்கன்னு அதுல பதிவாகும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். "அதையும் தொடச்சா?"

"அதுவும் பதிவாகும்."

ஒரு கம்ப்யூட்டரைப் பார்த்து அந்த மனிதர் உண்மையாகவே மரியாதை கொண்டது அந்த ஒரு தடவைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு காத்திருந்தோம். அதைப் பற்றிச் சொல்ல எனக்கு அவ்வளவாக வராது. கடைசி பஸ் போய்விட்டது. ஜெசிந்தா வீட்டிலிருந்து கஞ்சி வந்தது. ஒவ்வொரு முறை வாக்கி டாக்கி கரகரத்தபோதும், நான் கணக்கிடாமல் விட்டது என்ன என்று மனசு தேடியது. ஆயிஷா அழுவதை நிறுத்திவிட்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. நானும் எங்கள் குலசாமியைக் கூப்பிட்டேன். வேலை சமயத்தில் அவரைத் தொந்தரவு செய்வதில்லை என்று ஒரு கொள்கை வைத்திருந்தேன். அன்றைக்கு அது போயிற்று.

விடிந்து வெளிச்சம் வந்ததும் செய்தி வந்தது. மண்டபத்துக்கு வடக்கே, கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஒரு மணல் திட்டில் படகு சாய்ந்து கிடந்தது. வலை படகின் அடியிலிருக்கும் விசிறியில் சுற்றி இன்ஜின் நின்றுபோய், நங்கூரக் கயிறும் அறுந்து, காற்று தள்ளிக்கொண்டே வந்து அங்கே செருகியிருக்கிறது. அலை படகைப் பலகை பலகையாகப் பிரித்துக்கொண்டிருந்ததாம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பிடித்துக்கொள்ள ஒன்றும் இருந்திருக்காது என்று மீட்டவர்கள் சொன்னார்கள். நாலு பேரும் உயிரோடு இருந்தார்கள். காதருக்கு ஒரு கை முறிந்திருந்தது. முதுகுளத்தூர்க்காரர்கள் இருவரும் பாய்மரக் கம்பத்தைக் கட்டிப் பிடித்திருந்தார்கள். மீட்க ஆட்கள் வந்த பிறகும் அதை விடச் சொல்லிக் கெஞ்ச வேண்டியிருந்ததாம். அவர்களில் ஒருவரை நான் ஆஸ்பத்திரியில் பார்த்தபோது, இனிமேல் தண்ணி குடிக்கிறதக்கூட யோசிச்சுத்தான் குடிப்பேன் என்றார். அன்றைக்கே ஊருக்கு ஆடு மேய்க்கக் கிளம்பிப் போனார்.

கட்டுப் போட்ட கையோடு காதர் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மற்றப் படகுகள் போகாத நாளில் இறால் பிடித்தால் நல்ல விலை போகும், கரையை விட்டுத் தொலைவு போக வேண்டாம், இருட்டுமுன் வந்துவிடலாம் என்று பாஸ்கரன் சொல்லியிருக்கிறார். தலைவரின் அறையிலிருந்து வெளியே வந்து டோக்கனைக் கையில் கொடுத்தவரும் பாஸ்கரன்தான். அதற்குப் பிறகு பாஸ்கரன் மறுக்கவில்லை. ஜெசிந்தா பெயரில் ஏன் போட்டீர்கள் என்று அதிகாரி கேட்டதற்கு அவர் சொன்ன பதில், அந்தப் பாஸ்வேர்டுதான் நினைவில் இருந்தது என்பது. அதில் கெட்ட எண்ணம்கூட இல்லை. ஒருத்தியின் வாழ்க்கையைச் சும்மா போகிற போக்கில் முடித்திருப்பார்.

நீதி கிடைத்ததா என்று கேட்பீர்கள். பாஸ்கரனுக்கு ஒரு பருவம் முழுக்க டோக்கன் நிறுத்தப்பட்டது. உடம்புக்கு ஓய்வு தேவைப்பட்டதாக அவர் ஊரில் சொல்லிக்கொண்டார். தலைவர் அடுத்த தேர்தலில் கூடுதல் ஓட்டில் ஜெயித்தார். சொந்த மச்சானையே விட்டுக்கொடுத்த நேர்மையாளர் என்று மேடையில் பேசினார்கள். என்னை எங்கள் கம்பெனி வாலிநோக்கத்துக்கு அனுப்பியது. உப்பளம் நடத்தும் வாடிக்கையாளர் ஒருவருக்கு அவசரமாக டேட்டாபேஸ் ஆள் தேவைப்பட்டாராம். அங்கே இருந்த மொத்தக் கம்ப்யூட்டர் ஒன்று. அதையும் உப்புக் காற்று தின்றுகொண்டிருந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பயணப்படி கேட்டிருப்பேன்.

சில மாதங்களில், சங்கத்துக்குப் போன புதுப் பையன் தலைவரோடு சீட்டாடிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்து, என்னையே திரும்ப அனுப்பினார்கள். அதிகாரியின் வற்புறுத்தலால் அங்கே இதற்குள் சில மாற்றங்கள் வந்திருந்தன. தலைவரின் எல்லாம் திறக்கும் லாகின் போய், பார்க்க மட்டும் முடிகிற லாகின் வந்திருந்தது. கவுன்டரில் இருப்பவர்கள் பாஸ்வேர்டை மாற்றியிருந்தார்கள். பலகையில் ஏற்றவற்றம் மட்டும் இருந்தது.

நான் போன அன்று கவுன்டரில் கூட்டம். கூட்டத்தை விலக்கிக்கொண்டு தலைவர் வந்தார். யாரோ ஒரு உரிமையாளரின் டோக்கனில் ஆள் எண்ணிக்கையைத் திருத்த வேண்டும், அவசரம், உன் பாஸ்வேர்டைச் சொல்லு, நானே என் அறையில் போட்டுக்கொள்கிறேன் என்று ஜெசிந்தாவிடம் சொன்னார். சாதாரணமாகத்தான் கேட்டார், பேனாவைக் கொடு என்பது போல.

டிரைவர்கள் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சர்வர் அறை வாசலில் நின்றேன். வாயைத் திறக்கலாமா என்று யோசித்தேன். அது என் வேலை இல்லை என்று தோன்றியது. திறக்கவில்லை.

ஜெசிந்தா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் டோக்கன் போடும்போது யாரையும் நிமிர்ந்து பார்த்து நான் கண்டதில்லை.

"அது என் பேரு தலைவரே. அதுல நான் மட்டுந்தான் உக்காருவேன். என்ன திருத்தணும்னு சொல்லுங்க, அந்த ஓனரு வந்து கேட்டா நான் திருத்தித் தாரேன்."

தலைவர் சுற்றிலும் பார்த்தார். அந்தக் கூட்டத்தில் அவருக்காக ஒருவரும் பேசவில்லை. காதரும் வரிசையில் நின்றிருந்தார், கை இன்னும் முழுசாக மடங்காமல். அவர் சுவரில் ஒட்டியிருந்த ஏதோ ஒரு விளம்பரத்தை ரொம்பக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"சரி, சரி," என்றார் தலைவர். தன் அறைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் கதவைத் திறந்து, தலையை மட்டும் வெளியே நீட்டி, என்னைப் பார்த்தார்.

"மேடம், என்னோட பாஸ்வேர்டு என்னா?"

"அது எனக்குத் தெரியக் கூடாது தலைவரே," என்றேன்.

கவுன்டரில் பிரிண்டர் மறுபடி ஓட ஆரம்பித்தது. அடுத்த ஆள் யாருப்பா என்று ஜெசிந்தா கேட்டாள். காதர் முன்னால் நகர்ந்தார்.